யாருடைய கடிகாரம்?

நமது தேசத்தில் சென்ற சில வருஷங்களில் ஒரு புதிய வேலைமுறை வேரூன்றிவிட்டது. 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, கம்ப்யூட்டர் கம்பெனிகளின் ஊழியர்கள் தத்தம் வீட்டுக்கே வேலையை எடுத்துச் சென்றனர். நோய் தணிந்தது, வேலையோ முழுவதும் ஆபீசுக்குத் திரும்பவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு என்பது போன்ற கலப்பு முறை பல கம்பெனிகளில் நிலைபெற்றுவிட்டது. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் எழுந்து நிற்கும் கண்ணாடி மாளிகைகளில் வேலை பார்க்கும் நம் வாலிபர்களில் பலர் இன்று பாதித் தொழிலாளி ஆபீசிலும், பாதித் தொழிலாளி வீட்டிலுமாக வாழ்கின்றனர்.

இம்முறையை நாம் வெறுக்கவில்லை, வரவேற்கவே செய்கிறோம். தினந்தோறும் பஸ்ஸிலும் ரயிலிலும் கழியும் நேரம் மிச்சமாகிறது. வயது முதிர்ந்த தாய் தந்தையரின் பக்கத்தில் இருக்க முடிகிறது. ஆயினும் இதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வேலை இரண்டு இடங்களில் நடக்கும்போது வேலை நேரத்தைக் கணக்கிடுவது யார்? எந்தக் கடிகாரத்தைக் கொண்டு? அந்தக் கணக்குப் புத்தகம் யார் கையில் இருப்பது? இது குமாஸ்தாக்களின் சில்லறை விவகாரம் என்று எண்ணி நம் அரசியல் தொண்டர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரும் பிழை என்று எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வழக்கு

வேலை நேரத்தைப் பற்றிய போராட்டம், முதலில் கடிகாரத்தைப் பற்றிய போராட்டமாகவே பிறந்தது. இங்கிலாந்தில் ஆலைத் தொழில் தோன்றிய காலத்தில் கடிகாரம் முதலாளியின் உடைமை. காலையில் முள்ளை முன்னே தள்ளி வைப்பதும், மாலையில் பின்னே இழுத்து வைப்பதும் சில ஆலைகளில் சகஜமாக இருந்தன. தொழிலாளி சொந்தமாகக் கடிகாரம் வைத்திருப்பதையே சில மானேஜர்கள் விரும்பவில்லை. ஆகவேதான் 1844-ஆம் வருஷத்து ஆலைச் சட்டத்தில் அந்நாட்டுப் பார்லிமெண்டு ஒரு விதியைச் சேர்த்தது. வேலை நேரத்தை ஆலைக்குள் தொங்கும் கடிகாரத்தைக் கொண்டு கணக்கிடலாகாது. ஆலைப் பரிசோதகர் அங்கீகரித்த, ஜனங்களின் பார்வைக்கு எதிரே உள்ள பொதுக் கடிகாரத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்பது அவ்விதி. பத்து மணி நேர வேலைச் சட்டம் வந்தது 1847-இல். கடிகாரச் சட்டம் அதற்கு மூன்று வருஷம் முந்தியது. அளவுகோல் நேர்மையாக இல்லாத இடத்தில் அளவைக் குறைத்துப் பயன் என்ன என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம் நாட்டுக் கதையும் இதுவே. 1911-ஆம் வருஷத்து ஆலைச் சட்டம் நெசவாலை ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்று எல்லை கட்டியது. 1922-இல் அது நாளுக்கு 11 மணியும் வாரத்திற்கு 60 மணியும் ஆயிற்று. 1934-இல் வாரத்திற்கு 54 மணி. 1946-இல் 48 மணி. இந்தக் கடைசித் திருத்தம் டாக்டர் அம்பேத்கார் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகாவை வகித்த காலத்தில் வந்தது. பன்னிரண்டு மணியிலிருந்து எட்டு மணியின் வாசலுக்கு வந்து சேர நமக்கு முப்பத்தைந்து வருஷங்கள் பிடித்தன.

அந்த முப்பத்தைந்து வருஷங்களும் சர்க்காரின் கருணையினால் கழிந்தவை அல்ல. 1908-ஆம் வருஷம் பிப்ரவரி முடிவில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார ஓய்வும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்கள் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் ஆவர். ஆலை இறங்கி வந்தது. சில தினங்களில் தலைவர்கள் சிறை புகுந்தனர். 1918-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகளின் குறைகளில் முக்கியமானது நேரக் குறையே. நீண்ட வேலை, உண்பதற்கும் போதாத மத்தியான இடைவேளை. ஸ்ரீ செல்வபதி செட்டியாரும் ஸ்ரீ இராமாநுஜலு நாயுடுவும் எடுத்த முயற்சிக்கு ஸ்ரீ பி. பி. வாடியாவும் ஸ்ரீ திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் துணை நின்றனர். 1923-இல் ஸ்ரீ சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். சுயராஜ்ய இயக்கமும் எட்டு மணி இயக்கமும் ஒரே கடற்கரையில் கூடியவை என்பதை நம் தொண்டர்கள் மறக்கலாகாது.

நேர்மையைக் கருதி இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். 1881-ஆம் வருஷத்து முதல் ஆலைச் சட்டத்தை நம் தேசீயப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை எதிர்த்தன. லங்காஷயர் முதலாளிகள் நம் ஆலைகளை முடக்கச் செய்யும் சூழ்ச்சி என்றே அதனை அவை கண்டன. அந்தச் சந்தேகத்திற்கு இடமிருந்தது உண்மை. ஆனால் ஏழு வயதுக் குழந்தையின் உழைப்புக்கு ஒன்பது மணி என்று எல்லை கட்டிய சட்டத்தையுமா எதிர்ப்பது? அந்நியனின் உள்நோக்கத்தைப் பார்த்த கண், நம் குழந்தையின் களைப்பைப் பார்க்கத் தவறியது. ‘தேசத் தொழிலுக்கு ஆபத்து’ என்ற கூக்குரல் எழும்போதெல்லாம் இந்தப் பழைய தவறு நம் நினைவுக்கு வர வேண்டும்.

இரு ஏடுகள்

இன்றைய கலப்பு வேலையில் நேரக் கணக்கு எப்படி நடக்கிறது? ஆபீசில் நுழையும்போது ஊழியன் தன் கழுத்தில் தொங்கும் கார்டைக் கதவில் காட்டுகிறான். உட்புகுந்த நேரமும் வெளிவந்த நேரமும் பதிவாகின்றன. வீட்டிலோ கதவு இல்லை, கார்டு இல்லை. பல இடங்களில் ‘இன்று வீட்டிலிருந்து வேலை’ என்று ஒரு வரி எழுதினால், எட்டு மணி என்று தானாகவே ஏட்டில் ஏறுகிறது. ஆபீஸ் நேரத்திற்கு ஓர் ஏடு; வீட்டு நேரத்திற்கு இன்னோர் ஏடு. முதலாவது நிமிஷக் கணக்கு. இரண்டாவது வெறும் சம்பிரதாயம்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு வாலிபன் வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் செல்கிறான். உணவு நேரம் நீங்கலாக 8 மணி வேலை. வீடு திரும்பி உண்டபின் இரவு 9 மணிக்கு அமெரிக்காக்காரர்களோடு ஒரு மணி நேரப் பேச்சு. ஆக நாளுக்கு 9 மணி. மூன்று நாளுக்கு 27. மற்ற இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. காலை 8.30 முதல் 1.30 வரை, பகல் 2.30 முதல் 6 வரை. இரவு 9 முதல் 10.30 வரை. நாளுக்கு 10 மணி. இரண்டு நாளுக்கு 20. சனிக்கிழமை காலையில் ‘அவசரம்’ என்று ஒரு செய்தி வருகிறது. அதற்கு 4 மணி. மொத்தம் 51 மணி. கம்பெனியின் ஏட்டில் இருப்பது என்ன? ஆபீஸ் மூன்று நாளுக்கு 24. வீட்டு இரண்டு நாளுக்குச் சம்பிரதாயமாக 16. ஆக 40 மணி. வாரத்திற்கு 11 மணி எந்த ஏட்டிலும் இல்லை. வருஷத்தில் 48 வாரம் என்று வைத்தால் 528 மணி. அதாவது எட்டு மணி கொண்ட 66 வேலை நாட்கள்! இரண்டு மாதத்திற்கு மேற்பட்ட உழைப்பு, எழுதப்படாத ஒரே காரணத்தினால் இல்லாத உழைப்பாகிவிடுகிறது.

ஸ்ரீ தாதாபாய் நௌரோஜி நம் செல்வம் கடல் கடந்து வடிந்தோடுவதை இலக்கம் இலக்கமாக எழுதிக் காட்டினார். கணக்கு எழுதியதனால்தான் அந்தக் கொள்ளை உலகத்திற்குத் தெரிந்தது. இன்று வடிந்தோடுவது நம் வாலிபர்களின் இரவுகள். இதற்கு நௌரோஜி எங்கே?

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 1906-ஆம் வருஷத்திற்கு முன் இந்தியாவின் ரயில்கள் சென்னை வான சாஸ்திர நிலையத்தின் நேரத்தை, அதாவது ‘மதராஸ் டயத்தை’ அனுசரித்து ஓடின. பம்பாயிலிருந்து கல்கத்தா செல்பவனும் சென்னைக் கடிகாரத்தைப் பார்த்தே வண்டி ஏறினான். இன்று அதே சென்னையில் வாழும் வாலிபன் இரவு 9 மணி ஆகும்போது, மாரிக் காலமானால் ‘நியூயார்க்கில் காலை 10.30’ என்று கணக்கிட்டுக்கொண்டு லாப்டாப்பைத் திறக்கிறான். வெளிநாட்டாருடன் வியாபாரம் செய்வது குற்றமன்று. அவர்களுடைய பகலுக்காக நாம் நம் இரவைக் கொடுக்கலாம். கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விலையோடு கொடுக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

‘எட்டு மணிச் சட்டம் ஆலைக்கு, படித்தவர்களின் ஆபீசுக்கு அன்று’ என்று பலரும் எண்ணியிருக்கிறார்கள். இது அறியாமை. 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று எல்லை விதிக்கிறது. மிகைநேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி, வாரத்திற்கு 54 மணிக்கு மேற்படலாகாது. மிகைநேரத்திற்கு இரட்டைக் கூலி. முதலாளி பதிவேடுகள் வைக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. வேலை எந்தக் கூரையின் கீழ் நடந்தாலும் அது வேலையே. தன் வீட்டு மேஜையில் உழைத்தால் மணி குறையும் என்று எந்த நியாய சாஸ்திரமும் சொல்லவில்லை.

2025-ஆம் வருஷம் நவம்பர் 21-ஆம் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலுக்குக் கொண்டுவந்தது. அவற்றுள் தொழில் பாதுகாப்பு பற்றிய தொகுப்பும் நாளுக்கு எட்டு மணி என்றே சொல்கிறது. மிகைநேரத்திற்குத் தொழிலாளியின் சம்மதமும் இரட்டைக் கூலியும் வேண்டும் என்கிறது. ஆனால் இங்கே ஒரு பொந்து இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெறும் மேற்பார்வையாளரும் அச்சட்டத்தில் ‘தொழிலாளி’ ஆகார். ஆகவே இரண்டு பேரை மேய்க்கும் பையனுக்கும் ‘மானேஜர்’ என்று பட்டம் சூட்டினால், சட்டத்தின் நிழலிலிருந்து அவனை வெளியே நிறுத்திவிடலாம் என்று கருதும் கம்பெனிகள் உண்டு. பட்டத்தைப் பார்க்கலாகாது, செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது நியாயஸ்தலங்கள் பல காலமாகச் சொல்லிவரும் கொள்கை. அதை நிலைநாட்டச் சங்கம் வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று 2016-இல் தமிழ்நாட்டு சர்க்கார் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துவோர் இன்றும் சொற்பம்.

சட்டத்தை வளைக்கும் முயற்சிகளும் ஓயவில்லை. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி ஆலைகளில் 12 மணி வேலைக்கு வழிவகுக்கும் மசோதா நம் சட்டசபையிலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கட்சி பேதமின்றி எதிர்த்து நின்றன. மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டதாக முதன்மந்திரி அறிவித்தார். அதே வருஷம் அக்டோபரில் பெங்களூர் முதலாளி ஸ்ரீ நாராயண மூர்த்தி, வாலிபர்கள் வாரத்திற்கு 70 மணி உழைக்க வேண்டும் என்று உபதேசித்தார். 2025 ஜனவரியில் இன்னொரு பெருங்கம்பெனியின் தலைவர் 90 மணி என்று ஏலத்தை உயர்த்தினார். இக்கனவான்கள் பேசுவது வெளிச்சத்தில். இவர்களோடு நாம் வாதிடலாம். நமக்கு அதிகக் கவலை தருவது வெளிச்சத்திற்கு வராத மணிகளே.

பிற நாடுகள்

ஐரோப்பாவில் இந்த வழக்கு நியாயஸ்தலம் ஏறித் தீர்ந்துவிட்டது. ஸ்பெயின் தேசத்துத் தொழிற்சங்கம் ஒன்று ஒரு பாங்கியின் மேல் தொடுத்த வழக்கில், 2019-ஆம் வருஷம் மே 14-ஆம் தேதி ஐரோப்பிய யூனியனின் உச்ச நியாயஸ்தலம் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு ஊழியரும் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி உழைத்தார் என்பதை அளக்க, பாரபட்சமற்ற, நம்பத் தக்க, ஊழியரும் பார்க்கத் தக்க ஏற்பாடு ஒன்றை முதலாளிகள் வைத்தாக வேண்டும் என்பது அத்தீர்ப்பு. மொத்த மணி அளக்கப்படாவிட்டால் மிகைநேரம் எது என்பதை எவரும் நிரூபிக்க முடியாது என்பதே அதன் அடிப்படை. அதே மாதத்தில் ஸ்பெயினில் தினசரி நேரப் பதிவு கட்டாயமாயிற்று. பதிவை நான்கு வருஷம் காப்பாற்ற வேண்டும். 2022 செப்டம்பர் 13-ஆம் தேதி ஜெர்மனியின் தொழிலாளர் உச்ச நியாயஸ்தலமும் அதே வழியில் சென்றது. பிரான்சில் 2017 ஜனவரி முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதலும், வேலை முடிந்தபின் ஆபீசின் அழைப்புக்குச் செவி சாய்க்காதிருக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. இந்நாடுகளின் தொழில் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

ஆக்ஷேபங்கள்

‘மூளை உழைப்பை மணியால் அளக்க முடியுமா?’ என்று கேட்கிறார்கள். உழைப்பின் தரத்தை அளக்க முடியாது; ஒப்புக்கொள்கிறோம். உழைத்தவனின் களைப்பை அளக்கலாம் அல்லவா? வக்கீல் தன் கட்சிக்காரனுக்கு மணிக் கணக்கில் பில் போடுகிறார். இதே கம்ப்யூட்டர் கம்பெனிகளும் பல வேலைகளுக்கு வெளிநாட்டு வாடிக்கைக்காரரிடம் மணிக் கணக்கில்தான் பணம் வாங்குகின்றன. வாடிக்கைக்காரனுக்குக் கணக்குக் கொடுக்கும்போது மூளை உழைப்பு மணியில் அடங்குகிறது. ஊழியனுக்குக் கணக்குக் கொடுக்கும்போது மட்டும் அது மணிக்கு அப்பாற்பட்ட ஞானமாகிவிடுகிறதா?

‘வீட்டில் இருப்பவன் ஏமாற்றுகிறான், இரண்டு கம்பெனிக்கு உழைக்கிறான்’ என்பது இரண்டாவது ஆக்ஷேபம். ஏமாற்றுபவர்கள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒருவரிடம் விற்ற நேரத்தை மறைவாக இன்னொருவரிடம் விற்பது அநீதி. அதைத் தொழிற்சங்கம் ஆதரிக்கலாகாது. ஆனால் திருடனைப் பிடிக்கவும் கணக்குப் புத்தகமே உதவும். நேர்மையான ஏடு இருவரையும் கட்டும், இருவரையும் காக்கும். கணக்கில்லாத இடத்தில் சந்தேகம் மட்டுமே வளரும்.

அந்தச் சந்தேகத்தின் விளைவைத்தான் இன்று காண்கிறோம். சில கம்பெனிகள் நேரத்தை எழுதுவதற்குப் பதிலாக ஊழியனை வேவு பார்க்கின்றன. அவன் விரல் எத்தனை முறை விசையைத் தட்டியது, சுட்டி எத்தனை நிமிஷம் அசையாதிருந்தது என்று எண்ணும் கருவிகளும், அவன் கண்முன் உள்ள திரையை அடிக்கடி படம் எடுக்கும் கருவிகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. பழைய ஆலையில் மேஸ்திரி தறியின் பக்கத்தில் நின்றான். ஆலை வாசலைத் தாண்டி வரவில்லை. இன்றைய மேஸ்திரி படுக்கை அறை வரையில் வருகிறான். கடிகாரம் வேறு, ஒற்றன் வேறு. கடிகாரம் வேண்டும் என்கிறோம். ஒற்றனை வேண்டாம் என்கிறோம். யோசித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் கால் மணி நேரமும் வேலையின் பகுதிதான் என்பது கணக்கு எழுதும் எவனுக்கும் தெரியும். விசையை எண்ணும் கருவிக்குத் தெரியாது.

‘வெளிநாட்டு வியாபாரம் போய்விடும்’ என்பது மூன்றாவது ஆக்ஷேபம். 1922-இலும் 1934-இலும் முதலாளிகள் இதையேதான் சொன்னார்கள். அதற்கு நாம் சொல்லத்தக்க பதிலை 1881-ஆம் வருஷத்துத் தவறே கற்பித்துவிட்டது.

கதர் காட்டிய வழி

வீட்டில் செய்யும் வேலைக்கு மணிக் கணக்கு ஏது என்று திகைப்பவர்களுக்கு நம் தேசீய இயக்கமே ஒரு முன்மாதிரியை வைத்துச் சென்றிருக்கிறது. நூல் நூற்கும் பெண்கள் ஆலைக்குச் சென்றவர்கள் அல்லர். தம் வீட்டுத் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் அமர்ந்து நூற்றவர்கள். அவர்களுக்கு நூலின் அளவுக்குக் கூலி. அந்தக் கூலி கஞ்சிக்கும் போதாது. காந்தியடிகள் இதைக் கண்டு மனம் பொறாதவராய், 1935-இல் அகில இந்திய நூற்போர் சங்கத்தின் முன் பிரச்னையை வைத்தார். கதர் விலை ஏறும், விற்பனை குறையும் என்று அனுபவஸ்தர்கள் அஞ்சினர். ஆயினும், எட்டு மணி நேரத் திறமையான உழைப்புக்கு உணவும் உடையும் கிடைக்குமளவாவது கூலி இருக்க வேண்டும் என்ற கொள்கையைச் சங்கம் ஏற்றது. வீட்டில் இருந்து உழைக்கும் பெண்ணின் நாளுக்கும் எட்டு மணி என்று எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் ஜீவனத்திற்கு வழி செய்ய வேண்டும் என்று தேசீய ஸ்தாபனம் ஒன்று ஒப்புக்கொண்டது சாமானியமான காரியமா? திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையம் ஆசிரமத்திலும் திருப்பூர்க் கதர் வட்டாரத்திலும் உழைத்த தொண்டர்களின் வழிவந்த நாம், கம்ப்யூட்டர் வேலைக்கு அது பொருந்தாது என்று எப்படிச் சொல்வது?

வீட்டு வேலை என்றவுடன் வீட்டுப் பெண்ணின் நிலையையும் பார்க்க வேண்டும். 2019-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, கூலியில்லா இல்லறப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம். கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் பெண் வீட்டில் இருக்கும் நாளில் அடுப்பும் அழைக்கிறது, ஆபீசும் அழைக்கிறது. இடையில் ஒரு மணி நேரம் குழந்தையைக் கவனித்தவள் அந்த ஒரு மணியை இரவு பதினொன்று வரையில் உழைத்து ஈடு செய்கிறாள். மணிக் கணக்கு நேர்மையாக இருந்தால், அந்த ஒரு மணியைக் குற்றவாளி போல மறைக்க வேண்டியதில்லை. இடைவேளை என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இதை வாசிக்கும் ஆண்மக்கள் கம்பெனி முதலாளியின் அநீதியைக் கண்டிப்பதோடு நின்றுவிடாமல், தம் வீட்டில் அந்த 97 நிமிஷத்தையும் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்பார்களாக.

செய்ய வேண்டுவது

முதலாவது, ஊழியர்கள் செய்யத் தக்கது. இன்று முதல் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு நேரக் குறிப்பு எழுதி வரட்டும். ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஒரே ஏடு. வேலை தொடங்கிய நேரம், இடைவேளை, முடிந்த நேரம், இரவில் அழைப்பு வந்தால் அதன் நேரமும் யார் அழைத்தது என்பதும், இவ்வளவு போதும். ஒரு நாளுக்கு மூன்று வரி. வீட்டிலிருந்து ஆபீசுக்குச் செல்லும் வழிப்பயணத்தை இதில் சேர்க்க வேண்டாம். வேலை நடுவே கம்பெனி உத்தரவின்மேல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் சென்றால் அதைச் சேர்க்க வேண்டும். அன்றன்று எழுத வேண்டும். மாத முடிவில் ஞாபகத்திலிருந்து எழுதும் கணக்கு எந்த நியாயஸ்தலத்திலும் நிற்காது. உள்ளதை மட்டுமே எழுத வேண்டும். அரை மணியை ஒரு மணியாக எழுதுபவன் தன் தோழர்கள் அனைவரின் ஏட்டையும் கெடுக்கிறான்.

இரண்டாவது, கம்பெனிகள் செய்யத் தக்கது. ஆபீஸ் மணி, வீட்டு மணி என்ற இரு ஏடுகளை ஒன்றாக்கி, வார முடிவில் ஊழியனும் மானேஜரும் ஒப்புக்கொண்ட கணக்காக அதை முடித்து, ஊழியனுக்கு ஒரு பிரதி தர வேண்டும். இரவு அழைப்புக்கு ஈடாக மறுநாள் காலையில் ஓய்வோ, மிகைநேரக் கூலியோ தர வேண்டும். முகத்தையும் திரையையும் விரலையும் வேவு பார்க்கும் கருவிகளை அகற்ற வேண்டும்.

மூன்றாவது, சர்க்கார் செய்யத் தக்கது. 1947-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பதிவேட்டு விதி வீட்டு வேலைக்கும் பொருந்தும் என்று ஐயத்திற்கு இடமின்றி அறிவிக்க வேண்டும். ஏடு இல்லாத வழக்கில், ஊழியனின் குறிப்பே உண்மை என்று முதலில் கொண்டு, அதைப் பொய் என்று நிரூபிக்கும் பாரத்தை முதலாளியின் மேல் ஏற்ற வேண்டும். இந்த ஒரு விதி வந்தால், ஏடு வைக்கக் கம்பெனிகள் தாமே ஓடி வரும்.

நான்காவது, நம் தொண்டர்கள் செய்யத் தக்கது. ஆலை வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுத்துப் பழகிய நமக்கு இன்றைய தொழிலாளியைச் சந்திக்க வாசலே இல்லாமல் போய்விட்டது. அவன் மூன்று நாள் ஒரு கண்ணாடி மாளிகையிலும், இரண்டு நாள் ஒரு மாடி வீட்டின் மூலையிலும் இருக்கிறான். சம்பளம் நாற்பதாயிரமோ எண்பதாயிரமோ வாங்குகிறான் என்பதற்காக அவனைத் தொழிலாளி அல்லன் என்று ஒதுக்கலாகாது. 1918-இல் பெரம்பூர்த் தொழிலாளி சங்கத்தை நாடி வந்தான்; 2020-க்குப் பின் சங்கம் தொழிலாளியை நாடிச் செல்ல வேண்டும்.

இரவு பதினொரு மணிக்கு ஒரு தாய் தன் மகன் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்து, ‘இன்னும் முடியவில்லையா?’ என்று கேட்கிறாள். ‘இதோ, ஐந்து நிமிஷம்’ என்கிறான் மகன். அந்த ஐந்து நிமிஷம் எத்தனை நிமிஷம் என்பது இன்றைக்கு எந்த ஏட்டிலும் இல்லை. தேசம் விடுதலை பெற்றுவிட்டது. நாளின் இருபத்துநான்கு மணிகளில் தனக்குரியவை எவை என்று சொல்லும் உரிமை நம் வாலிபர்களுக்கு இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. அந்த உரிமையின் முதல் படி, ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் உண்மையான நேரத்தை எழுதத் தொடங்குவது. அதை இன்றிரவே தொடங்கலாம்.